கடைமடை சேராத காரணி: நரம்புச் செல் வளர்ப்பில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் எனக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, காரணி போட்டேன், அளவும் சரி, செல் மட்டும் வளரவில்லை." தஞ்சாவூரை ஒட்டிய ஒரு சிறிய ஆய்வகத்தில் செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்பவள் நான். அழைக்கும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது குப்பியை. பெரும்பாலும் குப்பியின் மேல் குற்றம் இருக்காது.

மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தியைக் கேட்டுக் கடைமடை விவசாயி நாற்று விடுவதில்லை. தன் வாய்க்காலில் என்ன வந்து சேர்ந்தது என்பதுதான் அவருடைய கணக்கு. செல்லை வளரவும் முதிரவும் தூண்டும் புரதமான வளர்ச்சிக் காரணியும் அப்படித்தான். குப்பியின் சீட்டில் இருக்கும் நானோகிராம் வேறு, செல்லின் ஏற்பியை, அதாவது காரணியைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, வந்து தொடும் நானோகிராம் வேறு. வந்து தொட்டாலும் போதாது. அந்த வயதில், அந்த நிலையில், செல் அதைக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் பிழைகளும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

உங்கள் தட்டில் தெரிவதற்கு நெருக்கமான தலைப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காரணி போடாத ஒரு தட்டு பக்கத்தில் இல்லையென்றால், முதலில் அதை வைத்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

நட்ட மறுநாளே செல்கள் மிதக்கின்றன

இதில் காரணிக்கு வேலையே இல்லை. தட்டின் பூச்சைப் பாருங்கள். செல் ஒட்டுவதற்காகப் பாலி-டி-லைசின் பூசிய பிறகு மூன்று முறையாவது தூய நீரில் அலசினீர்களா? தட்டில் ஒட்டாமல் மிஞ்சிய லைசின் செல்லுக்கு நஞ்சு. இன்னொரு பூச்சுப் பொருளான லேமினின் வேறு குணம் கொண்டது. காய்ந்தால் கெட்டுவிடும், செல் விழும் நேரம் வரை ஈரம் இருக்க வேண்டும். பூச்சு சரியென்றால் அடுத்தது கை. செல்களைப் பிரிக்கும் நொதியான டிரிப்சின் அதிக நேரம் நின்றதா, பிப்பெட்டால் நுரை தள்ள அடித்தீர்களா என்று பாருங்கள். மறுநாளும் மிதப்பவை பிழைக்கப்போவதில்லை. புதிதாக நடுங்கள்.

ஒட்டிக்கொண்டன, ஆனால் இழை நீளவில்லை

என்னிடம் அதிகம் வரும் புகார் இது. முதல் கேள்வி: எந்தச் செல், எந்தக் காரணி?

மூளைப் புறணியிலிருந்து எடுத்த நியூரானுக்கு என்.ஜி.எஃப். ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர்களை ஆண்டுக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். பெயரிலேயே 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்று இருப்பதால் வரும் மயக்கம் அது. அந்தப் பெயர் வந்த கதை தெரிந்தால் மயக்கம் தெளியும். ரீட்டா லெவி-மொன்டால்சினி 1952இல் ரியோ டி ஜெனிரோவுக்குப் போய், எலியின் சதைப்புற்றுக் கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் கோழிக்கருவின் நரம்பு முடிச்சை வைத்து வளர்த்தார். முடிச்சைச் சுற்றி இழைகள் சூரியக் கதிர் போல ஒளிவட்டமாகக் கிளம்பின. பிறகு ஸ்டான்லி கோஹன் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க இறங்கினார். தற்செயலாகப் பாம்பு நஞ்சிலும், அதன் வழியாக ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது ஏராளமாக இருப்பது தெரிந்தது. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்த முடிச்சு: அது உணர்வு நரம்பு முடிச்சு, பரிவு நரம்பு முடிச்சு. மூளைப் புறணி இல்லை.

என்.ஜி.எஃப். பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கு டிரக்-ஏ என்று பெயர். உணர்வு நியூரான்களில் ஒரு பகுதியிலும், பரிவு நியூரான்களிலும், மூளையில் முன்மூளை அடியில் உள்ள அசிட்டைல்கோலின் சுரக்கும் நியூரான்களிலும் அது உண்டு. புறணி, ஹிப்போகேம்பஸ் நியூரான்களில் மிகுந்திருப்பது டிரக்-பி. அதற்குரிய காரணி பி.டி.என்.எஃப். இவ் பார்ட், டேவிட் எட்கர், ஹான்ஸ் தோனன் மூவரும் 1982இல் அதைப் பன்றி மூளையிலிருந்து எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ மூளைக்குக் கிடைத்தது சுமார் ஒரு மைக்ரோகிராம். மதகு இல்லாத வயலுக்கு வாய்க்காலில் வெள்ளம் போய் என்ன பயன்? உங்கள் செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

காரணி சரியானதுதான், ஆனாலும் இழை இல்லை என்றால் செல்களின் நெருக்கத்தைப் பாருங்கள். நியூரான்கள் தமக்குள் சுரந்து பகிர்ந்துகொள்ளும் பொருட்களிலேயே பாதி உயிர் இருக்கிறது. மிக அரிதாக நட்டால் ஒவ்வொன்றும் தனித்து நின்று வாடும். அரிதாக வளர்த்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் ஆஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணை நிற்கும் மூளைச் செல்) படுக்கை ஒன்று வேண்டும். கேரி பாங்கர் 1980இலேயே காட்டிய வழி அது.

இவை எல்லாம் பார்த்த பிறகும் குப்பியின் மேல்தான் சந்தேகம் என்றால், குப்பியைச் சோதியுங்கள். எலிப் புற்றிலிருந்து வந்த பி.சி.12 செல் உங்களிடம் இருந்தால், கொலாஜன் பூசிய தட்டில், சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) ஒரு சதவீதம் அளவுக்குக் குறைத்து, மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்.ஜி.எஃப். கொடுத்து ஐந்து நாள் பாருங்கள். இழை வந்தால் குப்பி உயிரோடு இருக்கிறது.

பி.சி.12 இல்லாதவர்களுக்குப் பழைய வழியே போதும்: கோழிக்கரு. எட்டு நாள் கருவின் முதுகுத்தண்டு ஓரமாகக் கோத்த மணிபோல இருக்கும் உணர்வு முடிச்சுகளை எடுத்து, ஒரு தட்டில் காரணியோடும் ஒரு தட்டில் காரணி இல்லாமலும் வையுங்கள். ஒரே நாளில் ஒளிவட்டம் தெரியும். செலவு மிகக் குறைவு. ஒரு முறை ஒரு தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டேன். கடைத்தெருவில் ஒரு அட்டை நாமக்கல் முட்டை வாங்கி இன்குபேட்டரில் வைத்து எட்டு நாள் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் அறைக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. கடையில் சாப்பிட விற்பது சேவல் சேராத முட்டை. அதற்குள் கரு இருக்காது. குஞ்சு பொரிப்பகத்தில் கேட்டு வாங்குங்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் விதிகளை உங்கள் நிறுவனத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெருகிக்கொண்டே இருக்கின்றன, நியூரானாக மறுக்கின்றன

இங்கே காரணி சேர்ந்துவிட்டது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

நரம்பு ஸ்டெம் செல்லைப் பெருக்குவதற்கு ஈ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-2 என்ற இரண்டு காரணிகளையும் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். பிரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும் 1992இல் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து செல்களை எடுத்து, ஈ.ஜி.எஃப். கொடுத்து, உருண்டைகளாக மிதக்க வைத்துக் காட்டினார்கள். அந்த இரண்டும் இருக்கும்வரை செல்லுக்கு வரும் சேதி 'பிரிந்துகொண்டே இரு' என்பதுதான். முதிர வேண்டுமென்றால் அவற்றை விலக்க வேண்டும். விலக்குவது என்றால் செல் வளரும் ஊட்டக் கரைசலான மீடியத்தை மாற்றுவது மட்டுமல்ல. சென்ட்ரிஃபியூஜில் இறக்கி இரண்டு முறை அலசி, லேமினின் பூசிய தட்டில் இறக்கி, பிறகு பி.டி.என்.எஃப். தருவது. அலசாமல் ஊற்றினால் பழைய காரணியின் மிச்சம் புதிய காரணியோடு சண்டை பிடிக்கும்.

பயிரில் யூரியா வைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். தூர் கட்டும்போது வைத்தால் தூர் வெடிக்கும். கதிர் முற்றும் நேரத்தில் கொட்டினால் பச்சை பிடித்துச் சாயும். உரம் அதே உரம்.

பி.சி.12 செல்லில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். அதற்கு ஈ.ஜி.எஃப். கொடுத்தால் பெருகும், என்.ஜி.எஃப். கொடுத்தால் பிரிவதை விட்டு இழை நீட்டும். இரண்டும் உள்ளே தட்டி எழுப்புவது ஈ.ஆர்.கே. என்ற அதே நொதியைத்தான். ஈ.ஜி.எஃப். எழுப்பிய எழுச்சி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும், என்.ஜி.எஃப். எழுப்பியது பல மணி நேரம் நீடிக்கும். செல் சேதியைவிடச் சேதியின் நீளத்தைக் கணக்கில் எடுக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மை இது. காலையில் காரணி போட்டு மாலையில் பயந்துபோய் மீடியம் மாற்றுகிறவர்களுக்கு இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

நியூரான் கேட்டேன், ஆஸ்ட்ரோசைட் வந்து நிற்கிறது

தட்டையாக, அகலமாக, நட்சத்திரம் போலவும் கூழாங்கல் போலவும் செல்கள் பரவி, அவற்றின் மேல் ஒன்றிரண்டு நியூரான்கள் ஏறி உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் சீரம்தான் காரணம். மாட்டுக் கன்றின் சீரத்தில் எத்தனையோ காரணிகள் கலந்து கிடக்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டுக்கு அது விருந்து. 1979இல் ஜேன் பாட்டன்ஸ்டீனும் கார்டன் சாட்டோவும் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், புரோஜெஸ்டிரோன், புட்ரெசின், செலினியம் ஆகிய ஐந்தை மட்டும் வைத்துச் சீரம் இல்லாத மீடியம் செய்தார்கள். இன்று எல்லோரும் பயன்படுத்தும் 'என்-2' கலவை அந்த வழி வந்ததுதான்.

1983இல் மார்ட்டின் ராஃபின் குழு எலியின் பார்வை நரம்பில் செய்த சோதனையை இங்கே நினைக்க வேண்டும். ஒரே முன்னோடிச் செல், சீரம் இருந்தால் ஆஸ்ட்ரோசைட் பக்கம் போனது. சீரம் இல்லாவிட்டால் நரம்பிழைக்கு உறை போடும் ஒலிகோடெண்ட்ரோசைட் ஆனது. ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பலகையைப் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

சீரம் இல்லாமலே ஆஸ்ட்ரோசைட் பெருகினால் மற்ற காரணிகளைச் சரிபாருங்கள். சி.என்.டி.எஃப்., பி.எம்.பி., எல்.ஐ.எஃப். மூன்றும் அந்தப் பக்கம் தள்ளுபவை. ஆனால் செல்லின் வயதும் இதில் சேரும். சுண்டெலிக்கருவின் 11ஆம் நாளை ஒட்டி எடுத்த முன்னோடிச் செல்லில், ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளமான ஜி.எஃப்.ஏ.பி. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிப் பூட்டு இருக்கும். எவ்வளவு தள்ளினாலும் ஆஸ்ட்ரோசைட் வராது. சில நாள் கழித்து எடுத்த செல்லில் பூட்டு திறந்துவிடும்; அதே காரணிக்கு அது உடனே இசையும். கருவின் நாளைச் சரியாகக் குறிக்காமல் 'கலப்பு வந்துவிட்டது' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது அந்த நாளைத்தான்.

களைபோல் பெருகும் ஆஸ்ட்ரோசைட்டைக் கொல்ல ஆரா-சி என்று ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் வாக்கில் ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமோலார் போதும். பிரியும் செல்லைக் கொல்லும் மருந்து என்றாலும், அளவு மீறினால் பிரியாத நியூரானையும் அது விட்டுவைக்காது. எல்லா ஆஸ்ட்ரோசைட்டையும் துடைத்தெடுத்த தட்டு மூன்றாம் வாரத்தில் ஏன் சோர்கிறது என்று அப்புறம் என்னிடம் கேட்காதீர்கள். நியூரானுக்குச் சோறு போட்டதில் அவற்றுக்கும் பங்கு இருந்தது.

முதல் வாரம் பச்சென்று இருந்தது, விடுமுறைக்குப் பின் பட்டுப்போனது

தட்டின் எந்தக் குழிகள் முதலில் பட்டுப்போயின? ஓரத்துக் குழிகள் என்றால் காரணியைத் தேடாதீர்கள். இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். போகி முதல் காணும் பொங்கல் வரை யாரும் வராத அறையில், அது காய்ந்து தகரம் தெரியும். மீடியம் ஆவியாகிச் சுண்டும்போது உப்பின் செறிவு ஏறும். நியூரான் அதைத் தாங்காது. ஓரக் குழிகளில் செல் நடாமல் கிருமி நீக்கிய நீரை மட்டும் நிரப்பி வையுங்கள். விடுமுறைக்கு யார் வந்து தண்ணீர் ஊற்றுவது என்று ஒருவர் பெயரைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

எல்லாக் குழிகளும் சமமாகப் பட்டிருந்தால் மீடியம் மாற்றிய முறையைக் கேளுங்கள். நியூரானுக்கு முழு மீடியத்தையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. அவை தாமே சுரந்து சேர்த்து வைத்த காரணிகளை நீங்கள் குழாயில் உறிஞ்சி எறிகிறீர்கள். பாதி எடுத்துப் பாதி ஊற்றுங்கள். நடும்போது குளுட்டமேட் சேர்த்திருந்தால் அடுத்த மாற்றத்திலேயே அதைக் குறைத்துவிட வேண்டும். முதிரும் நியூரானில் குளுட்டமேட் ஏற்பிகள் கூடக் கூட அதே பொருள் கொல்லியாகிவிடும்.

கோடையில் மின்வெட்டும் சேர்ந்துகொள்ளும். இன்குபேட்டர் ஒரு மணி நேரம் நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கதவைத் திறந்து பார்ப்பதுதான் ஆபத்து. திறந்தால் வெப்பம் போகும், ஐந்து சதவீதக் கரியமில வாயுவும் போகும், மீடியம் ரோஜா நிறத்துக்கு ஏறும்.

மிதக்கும் ஸ்டெம் செல் உருண்டைகளின் நடு கருத்துப்போகிறது

பெரிதாகிவிட்டன. 200 மைக்ரானைத் தாண்டிய உருண்டையின் நடுவுக்கு ஆக்சிஜனும் காரணியும் போய்ச் சேருவதில்லை. அதற்கு முன்பே பிரித்து நடுங்கள். இன்னொன்று: எஃப்.ஜி.எஃப்.-2க்கு 37 டிகிரியில் ஆயுள் குறைவு, ஒரு நாளுக்குள் பெரும்பகுதி செயலிழந்துவிடும். திங்களன்று போட்டது வெள்ளிவரை வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். ஒன்று விட்டு ஒரு நாள் போடுங்கள். ஹெப்பாரின் கொஞ்சம் சேர்த்தால் அது சற்று நிலைத்து நிற்கும், ஏற்பியோடும் நன்றாகச் சேரும்.

எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் மாறவில்லை

உங்கள் மீடியத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்.-1இன் பலனைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு மாணவி இரண்டு மாதம் வீணாக்கினாள். அவளுடைய 'என்-2' கலவையில் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இன்சுலின் இருந்தது. அந்த அளவில் இன்சுலினே ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பியை நிரப்பிவிடும். கொள்ளிடத்தில் வெள்ளம் புரளும்போது கரையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மட்டம் ஏறியதா என்று அளந்துகொண்டிருந்தாள். இன்சுலின் இல்லாத கலவைக்கு மாறியதும் வேறுபாடு தெரிந்தது.

இரண்டாவது காரணம் எதிர்ப்பக்கம். பி.டி.என்.எஃப். நாள் கணக்கில் நிறைய இருந்தால் செல் தன் டிரக்-பி ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கூட்டக் கூட விடை குறையும். அளவைப் பத்தில் ஒன்றாக இறக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு விடை

கணக்கிலிருந்து தொடங்குங்கள். 10 மைக்ரோகிராம் பொடியை 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். 50 மில்லிலிட்டர் மீடியத்தில் 20 நானோகிராம் வீதம் வேண்டுமென்றால், அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர். இதைத் தாளில் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். மைக்ரோவும் நானோவும் இடம் மாறிய தட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மைக்ரோலிட்டருக்குக் குறைவாக உறிஞ்ச வேண்டிய கணக்கு வந்தால், இடையில் ஒரு நீர்ப்பு செய்துகொள்ளுங்கள்.

குப்பியைத் திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்தப் பொடி கண்ணுக்கே தெரியாது, மூடியில் ஒட்டியிருக்கும். மூடியோடு போன மாதச் சம்பளமும் போகும். கரைக்கும்போது 0.1 சதவீதம் மாட்டு ஆல்புமின் சேருங்கள். நானோகிராம் அளவில் உள்ள புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும், பி.டி.என்.எஃப். இதில் மோசம். ஆல்புமின் அந்தச் சுவரை முதலில் மூடிக்கொள்ளும். ஒரு முறைக்கு ஒரு குழாய் என்று சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி மறுபடி உறைய வைக்காதீர்கள். பனி படியாத வகை வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். பனியைக் கரைக்க அது தானே அவ்வப்போது சூடேறி இறங்கும்.

சென்னையிலிருந்து வரும் பெட்டியில் ஐஸ் உருகியிருந்தால் எல்லோரும் அலறுகிறார்கள். உறையவைத்து உலர்த்திய பொடி ஓரிரு நாள் வெளி வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கும். கரைசலாக வந்ததுதான் கவலை. இரண்டில் எது என்று சீட்டில் படித்துவிட்டுப் பிறகு சண்டைக்குப் போங்கள்.

இதையெல்லாம் கடந்தும் விடை ஆடினால், செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்குச் சோதனை செய்யுங்கள். மீடியம் கலங்காது, நுண்ணோக்கியில் தெரியாது, செல்லின் நடத்தை மட்டும் மாறும்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் ஆய்வகத்திலும் மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தோம். நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், உறைபெட்டியைத் திறக்காமல் வைத்தது. மின்சாரம் வந்த பிறகு உள்ளே இருந்த குழாய்கள் பாதி உருகிக் குளிர்ந்தே இருந்தன. எஃப்.ஜி.எஃப்.-2 பங்குகளை யோசிக்காமல் எறிந்தேன். என்.ஜி.எஃப். பங்குகளில் 'கஜா' என்று பென்சிலால் எழுதித் தனியாக வைத்து, பொரிப்பகத்தில் முட்டை வாங்கி வந்து, எட்டாம் நாள் முடிச்செடுத்துப் பார்த்தேன். ஆறு குழாய்களில் நான்குக்கு ஒளிவட்டம் வந்தது, இரண்டுக்கு வரவில்லை. அந்த இரண்டும் கதவுப் பக்கத்து அடுக்கில் இருந்தவை. இப்போது அந்த அடுக்கில் வெறும் ஐஸ் பைகளை மட்டும் வைத்திருக்கிறோம்.